காணத்தைப் பழிக்கும் முன்

"மிஸ், காணம் சாப்பிடலாமா, கூடாதா?" என்று பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். கொள்ளைத்தான் எங்கள் பக்கம் காணம் என்போம். அவளுடைய மாமியாருக்குச் சர்க்கரை நோய். காணத் துவையலும் காண ரசமும் வாரத்தில் இரண்டு நாளாவது வைத்துவந்தவர், ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அடியோடு நிறுத்திவிட்டாராம். பயறு வகைகளில் லெக்டின் என்று ஒரு நச்சு இருக்கிறது, அது குடலை ஓட்டையாக்கும், ரத்தத்தைக் கட்டியாக்கும் என்று அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கீழே ஓர் ஆய்வுக் கட்டுரையின் படமும் போட்டிருக்கிறார்கள். "கட்டுரை உண்மையானதுதான் மிஸ், தேடிப் பார்த்துட்டேன்" என்றாள்.

"அதுல செய்முறைப் பகுதியைப் படிச்சியா மக்களே? விதையிலிருந்து அதை எப்படிப் பிரிச்சாங்க, எதுல கரைச்சாங்க, சூடாக்கினாங்களா?" என்று கேட்டேன். படிக்கவில்லை. வீடியோ போட்டவரும் படித்திருக்க மாட்டார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். லெக்டினைப் பிரித்தெடுக்கும் செய்முறை வகுப்பை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விதையின் லெக்டின் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, அந்த விதையை என்ன செய்தோம் என்று சொல்லாமல் பதில் கிடையாது. ஊறவைத்தது, அரைத்தது, சூடாக்கியது, அமிலத்தில் போட்டது என ஒவ்வொரு செயலும் அந்தப் புரதத்தை மாற்றுகிறது. இதைச் சொல்லாமல் விடுபவர்கள் பயத்தை விற்பவர்கள் மட்டும் இல்லை. மருந்து என்று விற்பவர்களும், பட்டத்துக்காக ஆய்வேடு எழுதுபவர்களும் அதையே செய்கிறார்கள்.

லெக்டின் என்பது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு லெக்டினுக்கு இரண்டு கையோ நான்கு கையோ உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஒரு சிவப்பணுவையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்தால், அணுக்கள் திரண்டு கட்டிக்கொள்ளும். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீடியோக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

இந்தத் திரள்தலை முதலில் விவரித்தவர் ஸ்டில்மார்க். இன்று எஸ்டோனியாவில் உள்ள டார்பட் பல்கலைக்கழகத்தில், 1888இல், ஆமணக்கு விதையில் அதைக் கண்டார். அடுத்து வந்தது நம் ஊர் வேலிகளில் படரும் குன்றிமணி. அதிலுள்ள அப்ரினையும் ஆமணக்கின் ரிசினையும் வைத்துத்தான் பால் எர்லிக் 1891இல் உடம்பு எதிர்ப்புச் சக்தியை எப்படி உண்டாக்குகிறது என்று காட்டினார். நோய் எதிர்ப்பியலின் தொடக்கப் பாடங்களில் குன்றிமணிக்கு ஓர் இடம் உண்டு.

காணத்தின் கதை இன்னும் நெருக்கமானது. பூனாவில் ராணுவ மருத்துவப் பணியில் இருந்த ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட், 1951இல், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். காண விதையின் சாறு மனித ரத்தத்தில் குறிப்பிட்ட வகையை மட்டும் திரள வைக்கிறது என்பது செய்தி. ஏ வகை ரத்தத்துக்குள் ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. காணச் சாறு சரியான அளவில் ஏ1 அணுக்களைத் திரட்டும், ஏ2வை விட்டுவிடும். இன்று உலகமெங்கும் ரத்த வங்கிகளில் 'ஆன்டி-ஏ1 லெக்டின்' என்ற பெயரில் இருக்கும் சின்னக் குப்பி இந்தக் காணத்திலிருந்து வந்ததுதான். மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிறது என்று நாம் ஒதுக்கிய தானியம் இப்படி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

"சரியான அளவில்" என்று எழுதினேன், கவனித்தீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஏ1 சிவப்பணு ஒன்றின் மேல் ஏ சர்க்கரை சுமார் 10 லட்சம் இடங்களில் இருக்கும். ஏ2வில் ஏறக்குறைய அதில் நான்கில் ஒரு பங்கு. காணச் சாற்றை நீர்க்கச் செய்யாமல் கெட்டியாக விட்டால் இரண்டுமே திரண்டுவிடும். அளவாக நீர்க்கச் செய்தால்தான் ஏ1ஐப் பிரித்துக் காட்டும். அதே விதை, அதே புரதம், அதே ரத்தம். எவ்வளவு உப்புநீரில் கரைத்தோம் என்பது பதிலை மாற்றிவிடுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்யும் வேலையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காணத்தையோ அவரை விதையையோ பொடித்து, குளிர்ந்த அசிட்டோனிலோ பெட்ரோலியம் ஈதரிலோ கொழுப்பை நீக்குவோம். பிறகு உப்புக் கரைசலில், பிஎச் 7.4 வாக்கில், ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிடுவோம். மறுநாள் மல் துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிந்த நீரை எடுத்து அதில் அமோனியம் சல்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் புரதம் வெள்ளையாக இறங்கும். அதை டயாலிசிஸ் பையில் கட்டி உப்பை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு 96 குழி உள்ள தட்டில் வரிசையாகப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் கழுவிய சிவப்பணுவை ஒரு சொட்டு விட வேண்டும். திரளாத குழியில் அணுக்கள் அடியில் சிவப்புப் பொட்டாக உட்காரும். திரண்ட குழியில் மெல்லிய விரிப்பாகப் பரவி நிற்கும். அந்தப் பொட்டும் விரிப்பும் கண்ணுக்குத் தெரிகிற நிமிஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே அந்த வகுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதில் ஒவ்வொரு படியிலும் விடை மாறும். காணச் சாற்றை ஓ வகை ரத்தத்தில் மட்டும் சோதித்தால் எதுவும் திரளாது. காரணம் எளிது: காண லெக்டின் தேடுவது என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரை, ஏ வகை அணுவின் மேல் அது நிறைய உண்டு, ஓ அணுவில் அந்த ஏ முனை இல்லை. கைக்குக் கிடைத்த ஓ ரத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு "காணத்தில் லெக்டின் இல்லை" என்று எழுதினால் அந்த ஆய்வேடு பொய் சொல்கிறது, எழுதியவர் நேர்மையானவராக இருந்தும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிவப்பு, கறுப்பு, பழுப்புத் தோல் உள்ள விதைகளில் டானின் நிறைய. டானினும் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். சர்க்கரையைப் பார்த்து ஒட்டவைப்பதில்லை, கண்டபடி ஒட்டவைக்கும். தோலோடு அரைத்த சாற்றில் திரள்தல் தெரிந்ததும் "அதிக லெக்டின்" என்று குறிப்பவர்கள் பலர். சரிபார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. உரிய சர்க்கரையை முன்கூட்டியே குழியில் கலந்து பார்க்க வேண்டும். லெக்டினாக இருந்தால் அதன் கைகளைச் சர்க்கரை நிரப்பிவிடும், அணுக்கள் திரளாது. சர்க்கரை போட்டும் திரண்டால் அது லெக்டின் வேலையா என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இந்த ஒரு சோதனை இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் சில பெற்றோருக்கு என்மேல் கோபம்.

ரத்தம் எடுக்கும் குழாயிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். அது உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும். பயறுக் குடும்பத்து லெக்டின்களுக்குச் சர்க்கரையைப் பிடிக்கக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். அணுக்களைத் திரும்பத் திரும்பக் கழுவாவிட்டால் அளவு குறைவாகக் காட்ட வாய்ப்புண்டு. கழுவுகிற வேலை அலுப்பானது, அதனால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது சாக்ஸ்லெட் என்ற வடிப்புக் கருவி விவகாரத்தில். விதைப்பொடியைச் சூடான மெத்தனாலில் மணிக்கணக்கில் வடித்து எடுத்த சாற்றைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் ஊற்றி, செல்கள் செத்தன என்றால், "இந்த விதையில் லெக்டின் இருப்பதாக அறியப்படுகிறது, அதனால் இருக்கலாம்" என்று முடிவுரை எழுதுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு புராஜெக்ட் செய்துகொடுக்கும் இடங்களிலிருந்து வரும் ஏடுகளில் இது சர்வ சாதாரணம். கொதிக்கும் மெத்தனாலில் புரதம் வடிவம் குலைந்து வெளியே வராமலே தங்கிவிடும். வந்தது பெரும்பாலும் சிறிய மூலக்கூறுகள், பாலிஃபீனால், சப்போனின் மாதிரியானவை. அதை லெக்டின் கணக்கில் எழுதுவது அறிவியலுக்குச் செய்கிற துரோகம். வார்த்தை கடுமையாக இருக்கிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ரசாயனத்தால் லெக்டினை மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் அழகும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. வாள் அவரையின் உறவான ஜாக் பீன் விதையில் கான்கனவாலின்-ஏ என்ற லெக்டின் உண்டு. ஜேம்ஸ் சம்னர் 1919இல் அதைப் படிகமாக்கினார். அதே விதையிலிருந்து 1926இல் யூரியேஸ் என்சைமையும் படிகமாக்கி 1946இல் நோபல் பெற்றார். கான்கனவாலின்-ஏ நடுநிலைக் கரைசலில் நான்கு கூறுகளாகச் சேர்ந்து நிற்கும். அமிலம் கூடினால் இரண்டு இரண்டாகப் பிரியும். அமிலத்தில் வைத்து உலோகத்தை உருவிவிட்டால் சர்க்கரையைப் பிடிக்காது. மாங்கனீசையும் கால்சியத்தையும் திருப்பிக் கொடுத்தால் மறுபடி பிடிக்கும். செத்துப்போன புரதம் உயிர்த்தெழுந்த மாதிரி இருக்கும், மாணவர்கள் வாய்பிளந்து கேட்பார்கள்.

1973இல் ஜெரால்டு எடல்மனின் ஆய்வகம் செய்த காரியம் இன்னும் முக்கியமானது. கான்கனவாலின்-ஏவின் மேல் சக்சினைல் கூறுகளை ஏற்றினார்கள். அப்போது நான்காக நின்றது இரண்டாகிவிட்டது. சர்க்கரையைப் பிடிக்கும் குழி கெடவில்லை, ஆனால் சிவப்பணுவைத் திரட்டும் வலிமை வெகுவாகக் குறைந்தது. செல்களின் மேல் அது காட்டிய நடத்தையே மாறியது. இனி ஒருவர் "கான்கனவாலின்-ஏ செல்லுக்கு இப்படிச் செய்யும்" என்றால், எந்தக் கான்கனவாலின்-ஏ என்று கேட்கத்தான் வேண்டும். குழாயில் இருப்பதன் பெயர் மாறாது, பொருள் மாறியிருக்கும்.

புரதத்தின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கவும் ரசாயனத்தைப் பயன்படுத்துவோம். அசிட்டிக் அன்ஹைட்ரைடு லைசினை மூடும். என்-புரோமோசக்சினிமைடு ட்ரிப்டோபானைத் தாக்கும். ட்ரிப்டோபானைத் தாக்கியதும் திரள்தல் நின்றது, ஆகவே ட்ரிப்டோபான்தான் பிடிக்கும் இடம் என்று எழுதிவிடுவது சுலபம். அந்த அமினோ அமிலம் வேறெங்கோ இருந்து, அது கெட்டதால் புரதம் மொத்தமும் சாய்ந்திருக்கலாமே! சர்க்கரையை உள்ளே வைத்துக் காவல் போட்டுக்கொண்டே அதே ரசாயனத்தை விட்டுப் பார்க்க வேண்டும். காவல் இருக்கும்போது செயல் தப்பிப் பிழைத்தால்தான் அந்த வாதத்துக்குக் கால் முளைக்கும்.

எங்கள் பக்கத்துச் சக்கைக்குருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பலாக்கொட்டைச் சாற்றிலுள்ள புரதத்தில் பெரும் பங்கு ஜாகலின் என்ற லெக்டின். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், அவதேஷா சுரோலியா ஆகியோரின் குழு 1996இல் அதன் படிக அமைப்பை வெளியிட்டது. புரதச் சங்கிலி ஒன்று வெட்டுப்பட்டு, அதனால் வெளியே தெரியும் கிளைசின் முனைதான் கேலக்டோசைப் பிடிக்க உதவுகிறது என்று அதில் தெரிந்தது. இதற்கு உலோகம் வேண்டாம். ஆக, உலோகத்தைக் கவ்வும் இடிடிஏ இதை ஒன்றும் செய்யாது. அமினோ முனையை மூடும் ரசாயனம் என்றால் யோசிக்க வேண்டும். கோதுமை முளையின் லெக்டினோ ஒரு கூறுக்குப் 16 கந்தகப் பாலங்களால் இறுக்கிக் கட்டப்பட்டது. கான்கனவாலின்-ஏவில் அப்படி ஒரு பாலம்கூட இல்லை. "லெக்டின்" என்ற ஒரே பெயரின் கீழ் இவ்வளவு வேறுபட்ட புரதங்களை அடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியுமா?

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் நடத்திய பி.கே. பச்சாவத்தும் அவருடைய மாணவர்களும் 1970களில், கொத்தவரை விதைக் கோந்தைப் பிணைத்துக் கெட்டியாக்கி, அதன்மேல் கேலக்டோஸ் பிடிக்கும் லெக்டின்களைத் தங்கவைத்துச் சுத்தமாகப் பிரிக்கும் முறையைக் கையாண்டார்கள். சுரோலியாவும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான். வெளிநாட்டிலிருந்து விலை கூடிய பொருளை வரவழைக்க முடியாத காலத்தில் கொத்தவரையே போதும் என்று காட்டிய வேலை அது.

இனி அடுப்படி. அங்கே நடப்பதும் வேதியியல்தான்.

லெக்டினால் நிஜமாகவே வயிறு கெடும் விதை நம் கடைகளில் விற்கிறது. அது ராஜ்மா. அதிலுள்ள ஃபைட்டோஹீமாக்ளுட்டினினைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு தெளிவாகச் சொல்கிறது: பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 அலகு வரை, நன்றாக வெந்ததில் 200 முதல் 400. பச்சையாகவோ ஊறவைத்தபடியோ நாலைந்து விதை தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், கடும் வாந்தி, பிறகு பேதி. 1970களில் பிரிட்டனில் இப்படிப் பலர் படுத்தார்கள். ஊறவைத்ததை வேகவைக்காமல் சாலட்டில் போட்டதும் காரணங்களில் ஒன்று. மெதுவாகச் சூடாக்கும் மின்பாத்திரத்தில் வைப்பது ஆபத்து, ஏனென்றால் அதன் உள்ளே பெரும்பாலும் கொதிநிலை வருவதில்லை. 80 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை பச்சை விதையைவிட ஐந்து மடங்குவரை கூடக்கூடும் என்றும் அதே கையேடு எச்சரிக்கிறது. கொஞ்சம் வெந்தது வேகாததைவிட மோசம் என்பதை வேறு எந்தச் சாப்பாட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் சுமார் 93 டிகிரி. அங்கே திறந்த சட்டியில் ராஜ்மா வேகவைப்பவர்கள் கூடுதல் நேரம் விட வேண்டும், அல்லது குக்கரில் வைக்க வேண்டும். குக்கருக்குள் 120 டிகிரி வந்துவிடுவதால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குக்கர் வைக்கும் நம் பெண்கள் செய்வது, நாங்கள் ஆய்வகத்தில் லெக்டினைக் கொல்லச் செய்வதைவிட ஒரு படி மேல்.

வறுப்பது வேறு விஷயம். ஈரமில்லாத சூட்டில் புரதம் அவ்வளவு சீக்கிரம் குலையாது. தண்ணீரோடு சேர்ந்த சூடுதான் அதைக் குலைக்கும். சத்துமாவில் இப்போது ராஜ்மாவையும் வறுத்து அரைக்கிறார்கள். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி காய்ச்சும்வரை பயமில்லை. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் அதே மாவைப் பச்சைப் பாலில் கலந்து குடிப்பதைப் பார்த்தேன். அதைச் செய்யாதீர்கள். முளைகட்டிய ராஜ்மாவையும் பச்சையாகத் தின்னாதீர்கள். பச்சைப்பயறு முளைக்கு இந்தத் தடை இல்லை. அதில் இந்த வகை லெக்டின் மிகக் குறைவு.

எண்ணெய் எடுப்பதும் ஒருவகைப் பிரித்தெடுப்புதான். ஆமணக்கை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், ரிசின் மறுபக்கம். ரிசின் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் விளக்கெண்ணெயைக் குழந்தைக்கும் கொடுத்தார்கள், புண்ணாக்கை மாட்டுக்குக் காட்டாமல் உரக்குழிக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூரில் கால்நடைத் தீவன ஆய்வாளர்கள் 2005இல் இந்தப் புண்ணாக்கைப் பல விதமாகப் பக்குவப்படுத்திப் பார்த்தார்கள். சும்மா ஊறவைப்பதும் வேகவைப்பதும் ரிசினைக் குறைத்தன, முழுக்க அழிக்கவில்லை. கிலோவுக்கு 40 கிராம் சுண்ணாம்பு சேர்த்ததும், அழுத்தக் கலத்தில் ஒரு மணி நேரம் வைத்ததும் ரிசினை முழுக்க அழித்தன. சித்த வைத்தியத்தில் குன்றிமணியைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள். தோலை நீக்கிப் பாலில் வேகவைப்பது அதில் ஒரு முறை. பக்குவம் தெரியாதவன் அதைத் தொடக் கூடாது என்பதில் பழைய வைத்தியரும் புதிய ஆய்வாளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

லெக்டின் பயம் உலகளவில் பரவ 2017இல் வந்த ஸ்டீவன் கண்ட்ரியின் 'தி பிளான்ட் பேரடாக்ஸ்' புத்தகம் பெரிய காரணம். அவரோடு எனக்குப் பல கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிரஷர் குக்கரில் வெந்த பயறுக்கு அவரே விலக்குக் கொடுக்கிறார். நம் வீடியோக்காரர்கள் பயத்தை எடுத்துக்கொண்டு விலக்கை விட்டுவிட்டார்கள். பருப்பைத் தவிர வேறு புரதம் வாங்க வசதி இல்லாத வீட்டில் இந்தப் பயம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்தார்களா? கறியும் மீனும் தினமும் வாங்கும் வீட்டுக்குக் காணம் ஒரு விருப்பம். காட்டுவேலைக்குப் போய்வந்து காணமும் பெரும்பயறும் அவித்துத் தின்னும் குடும்பத்துக்கு அதுதான் புரதம்.

மறுபக்கத்தையும் விடக் கூடாது. "பலாக்கொட்டை புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்ற தலைப்பு பத்திரிகைகளில் வந்தபடி இருக்கிறது. ஜாகலின் புற்றுச் செல்களின் மேலுள்ள ஒரு சர்க்கரையைப் பிடிக்கும் என்பது உண்மை. குளிரில், உப்புநீரில், கோந்துத் தூணில் ஏற்றிச் சுத்தம் செய்த ஜாகலினை வைத்துத்தான் அந்த ஆய்வைச் செய்தார்கள். சாம்பாரில் கொதித்த சக்கைக்குருவில் அந்த ஜாகலின் வடிவம் குலைந்து போயிருக்கும். சாம்பார் ருசியாக இருக்கும், சத்தும் உண்டு, அது மருந்தாகாது. அந்தத் தலைப்பை நம்பி ஒரு குடும்பம் கீமோதெரபியைத் தள்ளிப்போட்டால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

ஆகவே நான் கேட்பது சில காரியங்கள். ராஜ்மா பாக்கெட்டின் மேல் தமிழில் இரண்டு வரி அச்சிட வேண்டும்: ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள் அல்லது குக்கரில் வையுங்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நினைத்தால் முடியாத காரியமா இது? பத்திரிகைகள் விதை ஆய்வுச் செய்தி போடும்போது, சோதித்தது பச்சை விதையா, வெந்த விதையா, பிரித்தெடுத்த புரதமா என்று முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள், சர்க்கரையால் தடுத்துப் பார்க்காத, எந்த வகை ரத்தம் என்று குறிக்காத லெக்டின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். மாணவர் மனசு நோகும் என்று தயங்கக் கூடாது; அந்தப் பிள்ளை நாளை ஒரு மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் உட்காரப்போகிறது.

இளநிலை வகுப்பிலேயே ஒரு செய்முறையைச் சேர்க்கலாம் என்றும் பாடத்திட்டக் குழுவுக்குச் சொல்கிறேன். ஒரே காணத்தை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்றைக் குளிர்ந்த உப்புநீரில், ஒன்றைச் சூடான மெத்தனாலில், ஒன்றைத் தோல் நீக்கி, ஒன்றைக் குக்கரில் வைத்துச் சாறெடுக்க வேண்டும். நான்கையும் ஏ, பி, ஓ ரத்தத்தில், சர்க்கரை போட்டும் போடாமலும் பார்க்க வேண்டும். செலவு என்று பார்த்தால் கால் கிலோ காணம், உப்பு, கொஞ்சம் மெத்தனால், தடுத்துப் பார்க்கக் கொஞ்சம் என்-அசிட்டைல் கேலக்டோசமைன், ஒரு குழித் தட்டு. ரத்த வங்கிகளில் தானப் பைகளின் வாலாக மிஞ்சும், சோதித்து முடித்த குழாய்த் துண்டுகளை உரிய அனுமதியோடு கேட்டு வாங்கலாம். இரவு ஊறவைத்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.